வாசகர் கேள்வி-பதில்: பழைய ஸ்டேஷன் வேகன் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். மாதம் ஒருமுறை மூட்டை முடிச்சோடு சொந்த ஊர் போய்வர வேண்டும். 2006 டாடா இண்டிகோ மெரினா டீசல் ஒன்றும், 2003 மாருதி பலேனோ அல்டூரா பெட்ரோல் ஒன்றும் விலைக்கு வருகின்றன, இரண்டும் ஸ்டேஷன் வேகன். எதை எடுப்பது? – வாசகர், திருச்செங்கோடு

ஓட்டுவதற்கு எது சுகம் என்றால் அல்டூரா. 1.6 லிட்டர், 16 வால்வு எஞ்சின். ஐந்து பேரும் சாமானும் ஏறிய பிறகும் மேட்டில் திணறாது. ரிப்பேர் செய்ய எது சுலபம் என்றால் மெரினா. அதன் 1.4 லிட்டர் டீசல் எஞ்சின் இண்டிகா குடும்பத்தைச் சேர்ந்தது. இண்டிகாவும் இண்டிகோவும் 2018 வரை விற்பனையில் இருந்தவை. டாக்ஸியாக ஓடாத ஊர் இல்லை. அதனால் அந்த எஞ்சினைப் பிரித்துச் சேர்த்த மெக்கானிக் உங்கள் ஊரிலேயே கிடைப்பார். பலேனோவின் செடானே 2007-இல் எஸ்எக்ஸ்4 வந்தபோது போய்விட்டது. வேகன் அதைவிடக் குறைவாகத்தான் விற்றது.

ஆனால் இந்த இரண்டில் ஒன்றை எஞ்சினை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஸ்டேஷன் வேகன் என்பது முன்பாதி செடான், பின்பாதி தனிப்பிறவி. பானெட், முன் கதவு, ஹெட்லைட், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் செடானோடு பங்காளி. டிக்கிக் கதவு, அதன் கண்ணாடி, பின் பக்கவாட்டுக் கண்ணாடிகள், டெயில் லேம்ப், டிக்கியைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங், கதவைத் தாங்கும் காஸ் ஷாக், சாமானை மூடும் சுருள் திரை, இவையெல்லாம் வேகனுக்கு மட்டுமே உரியவை. எஞ்சின் போனால் இன்னொரு எஞ்சின் கிடைக்கும். அல்டூராவின் பின் கண்ணாடி உடைந்தால் மாதக்கணக்கில் தேட வேண்டிவரும். ஆகவே பின்பாதி முழுசாக இருக்கிற வண்டியை எடுங்கள், எஞ்சின் சற்றுச் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. பின்னால் இடிபட்டு டிங்கரிங் பார்த்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பார்க்கும் வரிசை இது. முதலில் டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். அந்தக் குழியில் தண்ணீர் நின்ற தடம், துரு, புதிதாக அடித்த கறுப்புப் பூச்சு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் எங்கோ இறங்குகிறது. பெரும்பாலும் டெயில் லேம்ப் பின்னால் இருக்கும் கேஸ்கட், டிக்கி பீடிங், மேல் கேரியர் கம்பி பொருத்திய ஓட்டைகள், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். மேலிருந்து குழாய்த் தண்ணீரைப் பத்து நிமிடம் விட்டு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பார்த்தால் வழி தெரிந்துவிடும்.

அடுத்து, சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிப் பின் சக்கர வளைவு, டிக்கிக் கதவின் கீழ்விளிம்பு, பின் தூண்கள் மேல் ஒட்டிப் பாருங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் பிடிக்காது. பின் ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் இடத்தில் துரு பொத்தலாகியிருந்தால் அந்த வண்டியை அங்கேயே விட்டுவிடுங்கள். எடை முழுவதும் தாங்கும் இடம் அது. தகடு வைத்து வெல்டிங் செய்தால் போதும் என்பார்கள். அது போதாது.

பிறகு எஞ்சின். முந்தைய இரவிலிருந்து ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டில் எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள். ஸ்டார்ட் செய்த இரண்டு மூன்று நிமிடத்தில், எஞ்சின் இன்னும் சூடேறாத நிலையில், மேல் ரேடியேட்டர் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. மெரினா டீசலில் ஓடும் எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்தால் லேசான புகை வருவது சகஜம். ரயில் எஞ்சின் போல விட்டுவிட்டு அடித்தால் 'பேக் கம்ப்ரஷன்', அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த காற்று கீழே இறங்குகிறது. எஞ்சின் வேலைக்கான பணத்தை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து வெள்ளைப் புகை தள்ளினால், எஞ்சினைக் குறை சொல்லும் முன் நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது சின்னச் செலவு.

இன்னொன்று: எஞ்சின் சூட்டை அளவாக வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி சூடாகிறது என்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபேனை நேரடியாக ஸ்விட்ச்சில் இணைத்துவிடும் வழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் சாகவில்லை. அப்படிச் செய்த வண்டி சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் அதிகம் குடிக்கும். அடைத்துப்போன ரேடியேட்டர் என்கிற உண்மையான நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

இரண்டு எஞ்சினிலும் வால்வுகளை ஓட்டுவது டைமிங் பெல்ட்தான், செயின் இல்லை. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றுங்கள். டீசலில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். பிறகு ஹெட்டை இறக்காமல் முடியாது.

டயரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேயாமல் எவ்வளவு இருந்தாலும், சாமானோடு நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எல்லாம் சமமாக இருந்தால் உங்கள் தேவைக்கு மெரினா.

கேள்வி: அல்டூரா வைத்திருக்கிறேன். கடையில் 'பலேனோ' என்று கேட்டால் புது ஹேட்ச்பேக்கின் பார்ட்ஸை எடுத்துக் கொடுக்கிறார்கள். சரியான பார்ட்ஸ் எங்கே, எப்படித் தேடுவது? – வாசகர், தாம்பரம்

2015-இல் வந்த பலேனோவுக்கும் உங்கள் வண்டிக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 'அல்டூரா' என்றாலும் சிலர் மஹிந்திராவின் அல்டுராஸைத் தேடுவார்கள். அதனால் வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதையே விட்டுவிடுங்கள். சேசிஸ் எண்ணையும் பார்ட் நம்பரையும் சொல்லிக் கேளுங்கள். பழைய பார்ட்டைக் கழற்றி நன்றாகத் துடைத்தால் அதிலேயே எண் பொறித்திருக்கும், அல்லது ஸ்டிக்கர் இருக்கும். இல்லையென்றால் கம்பெனி பார்ட்ஸ் விற்கும் கவுண்டரில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கணினியில் பார்த்துச் சொல்வார்கள். அங்கே சரக்கு இல்லாவிட்டாலும் எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு வழி பலருக்குத் தெரியாது. இதே வண்டி அமெரிக்காவில் 'சுசுகி எஸ்டீம்' என்ற பெயரிலும், ஜப்பானில் 'கல்டஸ்' குடும்பத்திலும் வேகனாக விற்றது. நம் ஊர் மாருதி எஸ்டீம் வேறு வண்டி, குழப்பிக்கொள்ளாதீர்கள். இணையத்தில் பார்ட்ஸ் படங்களையும் ஒர்க்‌ஷாப் மேனுவலையும் அந்தப் பெயர்களில் தேடினால் நிறைய அகப்படும். அமெரிக்க வண்டியின் படங்களில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். வைப்பர், பெடல், ஸ்டீயரிங் ராக், ஹெட்லைட் ஆகியவற்றுக்கு அவற்றை நம்ப வேண்டாம். எஞ்சின், கியர்பாக்ஸ் படங்கள் உதவும், ஆனாலும் வாங்கும் முன் எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைத்தெரு என்று பார்த்தால், புதுச் சரக்குக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. கழற்றிய சரக்குக்குப் புதுப்பேட்டை. வெளியூரில் பெங்களூரின் ஜே.சி. ரோடு, டெல்லியின் காஷ்மீரி கேட், மாயாபுரி. புதுப்பேட்டைக்குப் போகும்போது பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். 'இதே மாதிரிதான் சார்' என்பதற்கு அங்கே எல்லை கிடையாது. காயலான் கடையில் டெயில் லேம்ப் வாங்கினால் விளக்கின் வெளிக்கண்ணாடியை மட்டும் பார்க்காமல், பின்னால் ஹோல்டர் உருகியிருக்கிறதா, திருகு மாட்டும் காதுகள் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு நன்றாக இருந்து காது உடைந்திருந்தால் அது உதவாது. எஞ்சின், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்குப் பில் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். எஞ்சின் எண் ஆர்.சி.யில் ஏறும் விஷயம். திருட்டு வண்டியின் எஞ்சின் உங்கள் வண்டிக்குள் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

எதைக் கழற்றிய சரக்காக வாங்கக் கூடாது? பிரேக் சிலிண்டர், பிரேக் ஹோஸ், டை ராட், பால் ஜாயிண்ட், டைமிங் பெல்ட் சம்பந்தப்பட்ட எதுவும். எதை வாங்கலாம்? கண்ணாடி, கதவு, விளக்கு, சீட், ஸ்விட்ச், வைப்பர் மோட்டார். வேகன் வைத்திருப்பவர் செய்ய வேண்டிய இன்னொன்று, தேவை வரும் முன்பே ஒரு ஜோடி டெயில் லேம்ப்பும் டிக்கி பீடிங்கும் வாங்கி வீட்டுப் பரணில் போடுவது. பீடிங்கை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றி வையுங்கள். மடித்த இடம் பிறகு நிமிராது.

கேள்வி: 2005 ஸ்கோடா ஆக்டேவியா காம்பி வேகன், 1.9 டீசல், நல்ல விலைக்கு வருகிறது. வாங்கும் விலையைவிட ரிப்பேர் செலவு கூடிவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா? – வாசகர், கோயம்புத்தூர்

விலை குறைவாக இருப்பதே அந்தப் பயத்தால்தான். பயத்தில் பாதி நியாயம் உண்டு. எஞ்சின் உழைப்பாளி, ஒழுங்காக ஆயில் பார்த்தால் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கும் ஒயரும்தான் வயதாகித் தொல்லை தரும்.

முதல் செலவு டைமிங் பெல்ட். பெல்ட் மட்டுமல்ல, டென்ஷனர், ஐட்லர் ரோலர், வாட்டர் பம்ப் சேர்ந்த முழு செட். பம்ப்பில் பிளாஸ்டிக் விசிறி வருவதும் உண்டு. அது சுற்றும் தண்டிலிருந்து கழன்று, தண்ணீர் ஓடாமல் எஞ்சின் வெந்துபோகும். உலோக விசிறி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். இந்த எஞ்சினில், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டின் பல்சக்கரத்தைச் சாவி (நழுவாமல் நிறுத்தும் சின்ன உலோகத் துண்டு) வைத்துப் பூட்டியிருக்க மாட்டார்கள். கூம்பு முனையில் இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. ஆகவே கேம்ஷாஃப்ட்டின் பின்முனைப் பள்ளத்தில் பூட்டுத் தகடு, டீசல் பம்ப்புக்குப் பூட்டு ஊசி இரண்டையும் போட்டுத்தான் பெல்ட்டை மாற்ற வேண்டும். அதன் பிறகு ஸ்கேனர் போட்டு இன்ஜெக்‌ஷன் டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும். 'பெயிண்ட்டில் மார்க் போட்டுக்கலாம் சார்' என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். மெக்கானிக் தேர்வுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடையாது: 'பூட்டுத் தகடு வைத்திருக்கிறீர்களா?'

ஓட்டிப் பார்க்கும்போது இழுவை குறைவாக இருந்தால் டர்போ போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள காற்றளவு சென்சாரும், வெடித்த வேக்குவம் ஹோஸும்தான் பெரும்பாலும் காரணம். ஹோஸ் மீட்டர் கணக்கில் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாம், செலவு சொற்பம். கதவுக் கண்ணாடி 'டொப்' என்று உள்ளே விழுந்தால் மோட்டார் நன்றாகவே இருக்கும், கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். நான்கு கதவிலும் ஏற்றி இறக்கிப் பார்த்தே வாங்குங்கள்.

இந்த வண்டிக்கு ஒரு பெரிய அனுகூலம், அதன் அடித்தளம் நான்காம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபோடும் முதல் ஆடி ஏ3-யோடும் பொது. பிரேக், புஷ், ஷாக் அப்சார்பர், சென்சார் போன்ற பலவற்றின் பார்ட் நம்பர் ஒன்றே. எண் '1ஜே' என்று தொடங்கினால் கோல்ஃபுக்காகச் செய்தது, '1யூ' என்றால் ஆக்டேவியாவுக்கே உரியது. '1ஜே' எண்களைத் தேடினால் உலகம் முழுக்கச் சரக்கு உண்டு. ஸ்டெப்னிக் குழிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எஞ்சின் குறியீடு, கியர்பாக்ஸ் குறியீடு, பெயிண்ட் குறியீடு எல்லாம் அதில் இருக்கின்றன. அதைப் போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கிளட்ச் செட் வாங்கும்போது 'ஆக்டேவியா டீசல்' என்று சொல்லி வாங்கினால் தவறானது வரும், குறியீட்டைச் சொன்னால் சரியானது வரும்.

விலை பேசி முடித்த பிறகும், அந்த விலையில் பாதியாவது முதல் ஆண்டுச் செலவுக்கென்று ஒதுக்க முடியும் என்றால் வாங்குங்கள். முடியாதென்றால் மெரினா பக்கம் போய்விடுங்கள்.

கேள்வி: 20 வருடம் நெருங்கும் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பித்துக் கொடுப்பார்களா? விற்பவர் 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன்' என்கிறார். – வாசகர், திண்டுக்கல்

அவர் பார்த்துக்கொள்ளட்டும், பணம் கொடுக்கும் முன்பு. சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி 5 ஆண்டுக்கு ஒருமுறை படிவம் 25-இல் புதுப்பிக்க வேண்டும். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் காருக்கு 5,000 ரூபாய். 2025 ஆகஸ்ட் அறிவிப்புக்குப் பின் 20 ஆண்டு தாண்டிய காருக்கு அது 10,000. தவறவிட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் சேரும். பசுமை வரி தனி. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு விலை பேசுங்கள். ஆறு மாதத்தில் காலாவதியாகும் ஆர்.சி.யும் நாலரை வருடம் பாக்கி உள்ள ஆர்.சி.யும் ஒரே விலை பெறாது.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய கடன் ஆர்.சி.யில் நின்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம். இருபது வருடப் பழைய வண்டியில் இதுதான் அடிக்கடி இடிக்கும். கடனை எப்போதோ அடைத்திருப்பார், ரத்து செய்திருக்க மாட்டார், கடன் கொடுத்த நிறுவனமே இப்போது இருக்காது. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன், இன்ஷூரன்ஸ், காலாவதித் தேதி எல்லாம் தெரியும். அபராத பாக்கியையும் பார்த்துவிடுங்கள்.

வெளிமாநில வண்டி மலிவாக இருக்கிறதென்றால் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, புது எண் பெற வேண்டும். சேமித்தது அதிலேயே போய்விடக்கூடும்.

கேள்வி: டிக்கிக் கதவு தலையில் விழுகிறது. கம்பு வைத்து முட்டுக்கொடுக்கிறோம். பின் வைப்பரும் நம்பர் பிளேட் லைட்டும் வேலை செய்யவில்லை. – வாசகர், காரைக்குடி

இரண்டும் வெவ்வேறு கோளாறு, ஆனால் இரண்டுமே வேகனுக்குப் பிறவி நோய்.

கதவு விழுவது காஸ் ஷாக் தளர்ந்ததால். அதன் உடலில் '450 N' என்பது போல ஓர் எண் இருக்கும், அது நியூட்டன் கணக்கில் தாங்கும் விசை. எண் அழிந்திருந்தால், கதவு முழுதும் திறந்த நிலையில் ஒரு குண்டு முனையின் நடுவிலிருந்து மறு முனையின் நடுவுக்கு நீளம், தண்டு உள்ளே போகும் தூரம், முனையின் வகை மூன்றையும் குறித்துக்கொண்டு, அதே அளவில் வேறு வண்டியின் ஷாக் தேடலாம். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒருவர் கதவைத் தாங்க, இன்னொருவர் முனையில் உள்ள கம்பிக் கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பினால் கழன்றுவரும். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் சீல் ரப்பரை நனைத்தபடி இருக்கும், ஆயுள் கூடும். பழையதை ஓட்டை போடுவது, சூடுகாட்டுவது வேண்டாம். உள்ளே உயர் அழுத்த நைட்ரஜன்.

வைப்பருக்கு மோட்டாரை மாற்ற ஓடாதீர்கள். கூரைக்கும் கதவுக்கும் நடுவே மடிப்பு ரப்பர் குழாய் ஒன்று போகிறதே, அதற்குள் இருக்கும் ஒயர்கள் கதவைத் திறந்து மூடி மடங்கி மடங்கி அறுந்திருக்கும். ரப்பரைத் தள்ளினால் தெரியும். அறுந்ததை மட்டும் முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மாதம் பக்கத்து ஒயர் அறும். மடங்கும் இடத்தில் உள்ள எல்லா ஒயரையும் வெட்டி, அதே தடிமனில் மெல்லிய இழைகள் கொண்ட சிலிக்கான் உறை ஒயரை, 15 செ.மீ. அளவுக்கு, இடையில் சேர்க்கச் சொல்லுங்கள். இணைப்புகள் மடிப்புக்கு வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளித்தள்ளி வர வேண்டும். சால்டர் வைத்து, மேலே சுருங்கும் குழாய் போட வேண்டும். முதலில் பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: நீளமான பைப்பை ஏற்றிக்கொண்டு டிக்கியைக் கயிற்றால் கட்டி ஓட்டுகிறேன். உள்ளே புகை நாற்றம் வருகிறது, சைலன்சரில் ஓட்டை இல்லை. – வாசகர், ஓசூர்

சைலன்சரில் ஓட்டை இருக்கத் தேவையில்லை. பெட்டி வடிவ வண்டி ஓடும்போது அதன் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறையும். சைலன்சர் விட்ட புகை அந்த இடத்தில் சுழன்று, திறந்த டிக்கி வழியாக உள்ளே இழுபடும். அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு, அதற்கு நாற்றமே கிடையாது. பின் சீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து. நீள சாமானைச் சீட்டை மடித்து உள்ளுக்குள்ளேயே வையுங்கள், அல்லது மேல் கேரியரில் கட்டுங்கள். டிக்கி மூடியிருக்கும்போதும் நாற்றம் வந்தால் பீடிங் போய்விட்டது. ஒரு காகிதத் துண்டைப் பீடிங் மேல் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வரும் இடத்தில்தான் கசிவு.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2002 வண்டிக்கு ஆகுமா? – வாசகர், நாகர்கோவில்

எஞ்சின் அன்றே நின்றுவிடாது. மைலேஜ் கொஞ்சம் குறையும். கவனிக்க வேண்டியது ரப்பர். அந்தக் காலத்து பெட்ரோல் ஹோஸ்கள் இந்த அளவு எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. ஊறி மிருதுவாகும், அல்லது வெடிக்கும். டேங்க்கிலிருந்து எஞ்சின் வரை எல்லா ரப்பர் ஹோஸையும் மாற்றுங்கள். ஹோஸ் மேல் 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்று அச்சிட்டதை வாங்க வேண்டும், சாதாரண ஹோஸ் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்குத் தாங்காது. டேங்க் அடியில் படிந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கிளப்பும். அதனால் பெட்ரோல் ஃபில்டரை இப்போது ஒருமுறை, ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொருமுறை மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதாக இருந்தால் டேங்க்கைப் பாதியில் விடாமல் நிரப்பி வையுங்கள். காலியிடத்துக் காற்றிலுள்ள ஈரத்தை எத்தனால் இழுத்துக்கொள்ளும். அது கூடினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து, டேங்க்கின் அடியில், பம்ப் உறிஞ்சும் இடத்திலேயே தங்கிவிடும்.